ஆட்டுக்கு நாலு கால் என்பதை மறந்தவள்

குடியாத்தத்தில் யோகலட்சுமியின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. விசைத்தறி ஓடும் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் சத்தம் வரும். அவள் வீட்டிலிருந்து மட்டும் சத்தத்தோடு திட்டும் வரும். திட்டு வாங்குவது மனிதர் யாரும் இல்லை, ஒரு மடிக்கணினி. கீழே கணவர் தணிகைவேலின் நான்கு தறிகள் லுங்கி நெய்துகொண்டிருக்க, மாடியறையில் அவள் உட்கார்ந்து கணினிக்கான கட்டளைகளை, அவள் பாஷையில் 'கோடு', எழுதுவாள். தறி அதிர்கிற அதிர்வில் காலையில் மேஜையின் வலது ஓரத்தில் வைத்த காபி டம்ளர் மத்தியானத்துக்குள் இடது ஓரத்துக்கு நடந்து வந்துவிடும் என்றும், அதைப் பார்த்துத்தான் அவள் மணி சொல்வாள் என்றும் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் பொய்.

நாற்பத்தொரு வயது. பிறந்தது ஒடுகத்தூர்ப் பக்கம், நிலக்கடலை விளைகிற பூமி. வேலூருக்கு பஸ்ஸில் போய்வந்து கணினி படித்தாள். பிறகு ஆம்பூரில் தோல் அளக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் எட்டு வருஷம் வேலை. அங்கே இருக்கும்போதுதான் 'விளிம்பு' என்ற லைப்ரரியை எழுதினாள்.

லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நெசவுக்காரர் வீட்டுப் பாஷையில் சொன்னால், ஒருவர் நீளவாட்டு நூலைப் பாவாக ஓட்டிக் கொடுக்கிறார், பத்துப் பேர் அதை வாங்கித் தங்கள் தங்கள் தறியில் ஏற்றி நெய்துகொள்கிறார்கள் இல்லையா, அதுபோல. ஒருவர் எழுதிவைத்த கோடு. மற்றவர்கள் எடுத்துத் தங்கள் மெஷினுக்குள் பொருத்திக்கொள்வார்கள். தோல் மெஷினுக்குள் போகும்போது அதன் ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரிசை வரிசையாகக் குறித்துவைத்து, மொத்தம் இத்தனை சதுர அடி என்று சொல்வது 'விளிம்பு' செய்யும் வேலை. யோகலட்சுமி அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். ஆம்பூரில் எடுத்தார்கள், ராணிப்பேட்டையில் எடுத்தார்கள், பிறகு அவள் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களிலெல்லாம் எடுத்தார்கள்.

பிரதிபலனாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மெஷினைப் போட்டதும் திரையின் அடியில் அவள் பெயரும் கைபேசி எண்ணும் பொடி எழுத்தில் ஓட வேண்டும். கைபேசி எண் எதற்கு என்று தணிகைவேல் கேட்டதற்கு, "சும்மா, ஒரு கெத்துக்கு" என்றாள். அந்தக் கெத்து ஒருநாள் அழைப்பாக வந்து அவள் காதைத் திருகும் என்று அப்போது தெரியாது.

ஒன்பது வருஷத்தில் 'விளிம்பு' மேல் வந்த புகார்கள் நூற்றுச் சொச்சம். அத்தனையும் கடைசியில் வேறு யாருடைய தப்பாகவோ முடிந்தன. ஒரு ஊரில் ஒயரை எலி கடித்திருந்தது. இன்னொரு ஊரில் தோலைப் பார்க்கிற மின்கண்ணின் மேல் ஒருவர் பூஜைக்குச் சந்தனம் வைத்திருந்தார். இப்படி நடந்து நடந்து அவளுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது: புகார் சொல்பவர் வாயைத் திறக்கும் முன்பே தப்பு அங்கேதான் என்று தெரிந்துவிடும் வியாதி.

அந்தப் புதன்கிழமை காலை அவள் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேரணாம்பட்டிலிருந்து தோல் பதனிடும் ஒரு டேனரியின் மேலாளர் ரஃபி அகமது கூப்பிட்டார். நாலு மாதம் முன்னால் வாங்கிய புது மெஷின், உள்ளே ஓடுவது 'விளிம்பு'.

"மேடம், காலையில ஒரு பையன் போடறான், நல்லா ஓடுது. மத்தியானத்துக்கு மேல ஒரு லேடி போடறாங்க, திடீர் திடீர்னு நின்னுடுது. நேத்து ஒரு ஆட்டுத்தோலுக்குப் பதினாறாயிரம் சதுர அடின்னு காட்டிட்டு நின்னுச்சு."

பதினாறாயிரம் சதுர அடி! அந்த ஆடு உயிரோடு நின்றிருந்தால் பேரணாம்பட்டு பஸ் நிலையமே வெயிலுக்கு அதன் வயிற்றடியில் ஒதுங்கியிருக்கும். சாதாரண ஆட்டுத்தோல் நாலு அடி, அஞ்சு அடி இருக்கும்.

யோகலட்சுமி வாயிலிருந்த உப்புமாவை விழுங்கினாள். "காலைக்கும் மத்தியானத்துக்கும் கோடு மாறலையே சார். ஆளுதானே மாறுது? ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு, தட்டில் மிச்சமிருந்ததையும் சாப்பிட்டு, கை கழுவி, மறந்தும் போனாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு அழைப்பு. புது எண். பெண் குரல்.

"யோகலட்சுமியா?"

"ஆமாங்க. யாரு பேசறது?"

"ஆளைப் பாருங்கன்னு சொன்னியாமே, அந்த ஆளுதான் பேசறேன். பேரணாம்பட்டு மஹ்பூபி."

"என் நம்பர்... உங்களுக்கு எப்படி..."

"மெஷின போட்டா கீழ ஓடுதே உன் பேரு. நாலு மாசமா தெனம் பாக்கறேன். நல்ல லட்சணமான பேரா இருக்குதே, நல்ல பொண்ணா இருக்கும்னு நெனச்சேன். நேர்ல பாக்காமலே ஆளு சரியில்லன்னு சொல்றியே, இன்னாமா ஞாயம் இது? ரேஷன் கடையில கூட கட்டவெரல வாங்கிப் பாத்துட்டுத்தான் இது நீ இல்லன்னு சொல்றான்."

"அக்கா, நான் அப்படிச் சொல்ல வரல..."

"வந்துச்சோ வரலியோ, எனக்கு கம்பூட்ஸ், அந்த ரப்பர் பூட்ஸ், வந்துடுச்சு. திங்கக்கெழமலேர்ந்து தோல ஊறப்போடற டிரம்மு பக்கம் போன்னுட்டாங்க. எட்டு வருஷம் அந்த ஈரத்துல, சுண்ணாம்புல நின்னேன்மா. ரெண்டு கையும் தோலு உரிஞ்சு, டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்துதான் மேல வந்தேன். திரும்பவும் அங்க போனா, ஆட்டுத்தோலு எது என் தோலு எதுன்னு பிரிச்செடுக்க ஆள் போடணும்." அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "நான் பொத்தானத் தப்பா அமுக்கல. அது மட்டும் சொல்லத்தான் கூப்பிட்டேன். வச்சிடறேன், கை வேலையா இருக்கேன்."

வைத்துவிட்டாள்.

அன்று மாடியறையிலிருந்து திட்டுச் சத்தமே வரவில்லை. தணிகைவேல் தறியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். "எல்லாம் வாய்க்குதான்" என்றாள் யோகலட்சுமி. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேரணாம்பட்டுக்குக் கிளம்பினாள்.

ரஃபி அகமது கறாரானவர், கெட்டவர் இல்லை. மேஜையில் மாற்றல் கடிதம் தயாராக இருந்தது. "அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடுவோம் மேடம். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும். மத்தியானம் முழுக்க மெஷின் நிக்குது, தோல் தேங்குது, நான் மேல பதில் சொல்லணும். நேர்ல வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. சாஃப்ட்வேர்ல தப்பு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

"பாத்துட்டு எழுதறேன் சார்" என்றாள் யோகலட்சுமி. புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

அளவு மெஷின் உலர்ந்த தோல்கள் அடுக்கியிருந்த நீண்ட கூடத்தின் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் நின்று தோலைக் கழுத்துப் பக்கமாக உள்ளே விட்டால், பெல்ட் அதை இழுத்துக்கொண்டு போகும். மேலே வரிசையாக இருக்கும் மின்கண்கள் பார்க்கும். மறுபக்கம் வெளியே வரும்போது திரையில் சதுர அடி விழும்.

காலை முறைக்கு நின்றவன் சதீஷ்குமார், இருபத்தாறு வயது இருக்கும். தபால்பெட்டியில் கடிதம் போடுகிறவனைப்போலத் தோலைப் போட்டான். எடுத்தான், திணித்தான், அடுத்தது. அவன் வேகத்துக்கு மெஷின்தான் மூச்சு வாங்கியது. யோகலட்சுமி மடிக்கணினியை மெஷினோடு இணைத்துவிட்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தோல். ஒன்றுகூட நிற்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மஹ்பூபி வந்தாள். ஐம்பது வயது, குள்ளம். மெஷின் மட்டத்துக்கு எட்டாததால் ஒரு மரப்பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறி நின்றாள். பலகைக்குப் பக்கத்தில் புத்தம்புது கம்பூட்ஸ் ஒரு ஜோடி, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் நிற்பதுபோல நின்றிருந்தது.

"நீதான் லட்சணமா?" என்றாள், திரும்பாமல்.

"நான்தான்கா."

"சாப்டியா?"

"இல்லக்கா."

"பைய்யில ரொட்டியும் கொத்துக்கறி கைமாவும் இருக்குது. கைமா வேணாம்னா ரொட்டிய சக்கரை தொட்டு சாப்பிடு. பட்டினியா பாத்தா கண்ணுக்கு எல்லாம் தப்பாதான் தெரியும்."

யோகலட்சுமி கைமாவையே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கும் முன் பதினாலாவது தோலில் மெஷின் நின்றது. திரை அப்படியே உறைந்தது. கூடத்தில் இருந்த இருபது தலையும் திரும்பியது.

"அக்கா கைய வச்சாலே மெஷினுக்கு வெக்கம் வந்துடுது" என்றான், தோல் அடுக்கிக்கொண்டிருந்த சதீஷ்குமார்.

"உனக்கு வரவேண்டியதுடா. வழி தெரியாம இங்க வந்துட்டிருக்குது."

மறுபடி ஓட்டினார்கள். இருபத்தொன்றாவது தோலில் நின்றது. மறுபடி. முப்பதில் நின்றது. யோகலட்சுமி மின்சாரத்தைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், மின்கண்களைத் துணியால் துடைத்தாள். எலியும் இல்லை, சந்தனமும் இல்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. "தம்பி, இப்ப நின்னுச்சே, இதே தோலை நீ போடு."

சதீஷ்குமார் வந்தான், போட்டான். நாலரைச் சதுர அடி என்று காட்டி மெஷின் சமர்த்தாக ஓடியது. முந்தி நின்ற இரண்டு தோலையும் தேடி எடுத்துப் போடச் சொன்னாள். அவையும் ஓடின.

அதே தோல், அதே மெஷின், அதே கோடு. அவன் போட்டால் ஓடுகிறது, அவள் போட்டால் நிற்கிறது. மஹ்பூபி பலகையிலிருந்து இறங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கம்பூட்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கூடத்துக் கடிகாரத்தில் மூன்று மணி.

அவளை நியாயமாகக் காப்பாற்றப் போட்ட சோதனை, அவளையே மாட்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். யோகலட்சுமி நிலக்கடலைக் காட்டில் வளர்ந்தவள். மேலே செடி காய்ந்திருக்கிறது என்பதற்காக மண்ணுக்குள் ஒன்றும் இல்லை என்று போகிறவள் இல்லை.

"அக்கா, எழுந்திரிங்க. அதே தோல இன்னொரு தடவை போடுங்க. மெதுவா."

"இன்னும் எத்தன பேருக்கு வேடிக்க காட்டணும்?"

"எனக்கு மட்டும் காட்டுங்க."

காலை முதல் யோகலட்சுமி திரையைத்தான் பார்த்திருந்தாள். இந்தத் தடவை மடிக்கணினியை மூடிவிட்டு மஹ்பூபியின் கையைப் பார்த்தாள்.

மஹ்பூபி தோலின் கழுத்தை உள்ளே விட்டாள். பெல்ட் இழுக்க இழுக்க, இரண்டு உள்ளங்கையாலும் சுருக்கத்தை எடுத்தபடியே கூடவே போனாள். கடைசியாகப் பின்னங்கால்கள் வந்தன. சதீஷ்குமார் போட்டபோது அவை சுருண்டு உடம்புக்கடியில் மடங்கிப் போனவை. மஹ்பூபி இடது காலை இடது கையாலும் வலது காலை வலது கையாலும் பிடித்து, விரலால் நீவி, தனித்தனியாக நேராக்கி விட்டாள். வெற்றிலைக் காம்பைத் தடவுகிற பதம். இரண்டு காலும் நடுவில் இடைவெளி விட்டு, அழகாக நீண்டு உள்ளே போயின.

மெஷின் நின்றது.

"ஏன்கா காலை நீவி விடறீங்க?"

மஹ்பூபி அவளை, தண்ணீர் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டவளைப்போலப் பார்த்தாள். "மடிச்சு வுட்டா அளவு கம்மியா காட்டுமே. காலும் தோலுதானே? இங்க வாங்கறவங்க அந்தக் கால் துண்டுலதான் வாட்ச்சுக்கு வாரு வெட்டறாங்க. முழு ஆட்டை வித்துட்டு காலை மட்டும் சும்மா குடுக்கறதா?"

யோகலட்சுமி மடிக்கணினியைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த, தானே எழுதிய, ஒன்பது வருஷமாகத் திறந்துகூடப் பார்க்காத ஒரு வரியைத் தேடிப் போனாள். இருந்தது. பார்த்ததும் காது வரை சூடேறியது.

ஆம்பூரில் அவள் 'விளிம்பு' எழுதியபோது சோதித்துப் பார்த்த தோல்களெல்லாம் ஒரே டேனரியிலிருந்து வந்தவை. அங்கே அளப்பதற்கு முன்பே காலையும் வாலையும் கத்தரித்துத் தனிக் குவியலில் போட்டுவிடுவார்கள். அவள் கண்ட ஆடுகள் எல்லாம் காலில்லாத ஆடுகள். குறுக்கே எந்த வரிசையில் பார்த்தாலும் தோல் ஓரிடத்தில் தொடங்கும், ஓரிடத்தில் முடியும். ஒரு வரிசைக்கு ஒரு துண்டு. அதை நம்பி, தோல் எத்தனை வரிசையோ அத்தனை துண்டுக்கு மட்டும் கணினியின் மெமரியில் இடம் கேட்கும்படி எழுதியிருந்தாள். சின்னச் சின்னப் பொத்தல் இருந்தால் அடைத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தாள். கால் ஞாபகமே வரவில்லை.

"அக்கா" என்றாள், குரல் இறங்கி. "தப்பு என்னுது."

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லு. மெஷின் சத்தத்துல கேக்கல."

மெஷின் நின்றுதான் இருந்தது. யோகலட்சுமி இன்னொரு வாட்டி சொன்னாள்.

"புரியற மாதிரி சொல்லு."

"கல்யாணப் பந்தின்னு வச்சுக்கோங்க. நம்ம வூட்டுக்காரங்க வரிசைக்கு ஒருத்தர் வருவாங்கன்னு நான் எல போடச் சொல்லிட்டேன். நீங்க காலை நீவி விட்டதும் கடைசி வரிசைங்கள்ல ரெண்டு ரெண்டு பேரு வர்றாங்க. எடம் இல்ல. போயி பக்கத்து வூட்டுக்காரங்க எலையில குந்திக்கறாங்க. பக்கத்து எலையில மெஷினோட வேற கணக்கு எதுனா இருக்கும். அதும் மேல சாம்பாரை ஊத்திட்டா, ஆடு பதினாறாயிரம் அடின்னு ஒளற வேண்டியதுதான்."

"அப்ப எல்லாத் தோலுக்கும் நிக்கணுமே? பத்துல ஒண்ணுதானே நிக்குது?"

நல்ல கேள்வி. கல்லூரியில் கேட்டிருந்தால் ஆசிரியர் எழுந்து நின்றிருப்பார். "மெமரி குடுக்கறவன் எப்பவும் கேட்டதுக்கு மேல ரெண்டு எல சேத்துப் போடுவான்கா. காலு குட்டையா இருந்தா அதுலயே அடங்கிடும். நீட்டுக் காலு வந்தாதான் வழியும்."

மஹ்பூபி யோசித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். கூடமே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. "ஏண்டா சதீஷு, கேட்டியா? இத்தினி படிச்ச பொண்ணு, ஊர் ஊருக்கு ஆட்டை அளக்கக் குடுத்துருக்குது, ஆட்டுக்கு நாலு காலுன்னு அதுக்குத் தெரியல!"

"எனக்கும் நீ சொல்லித்தான் தெரியும்கா" என்றான் சதீஷ்குமார், தோலின் கால்களைத் தான் மடித்துப் போடுகிற கதையும் வெளியே வரப்போவதை உணர்ந்து.

யோகலட்சுமி அவசரமாகத் திருத்தினாள். வரிசைக்கு ஒன்று என்றிருந்ததை இரண்டால் பெருக்கினாள். நிமிஷ வேலை. மெஷினில் ஏற்றினாள். மஹ்பூபி நீட்டுக் கால் தோலாகப் பொறுக்கி நாற்பது போட்டாள். நிற்கவில்லை. மணி மூன்றே முக்கால். யோகலட்சுமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"ரஃபி சாரைப் பாக்க."

"குந்து." மஹ்பூபி கழிவுத் தோல் குவியலுக்குப் போய்ப் புரட்டிப் புரட்டி ஒன்றை இழுத்து வந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. மேலும் கீழும் கத்தி பட்டு நார் நாராகக் கிழிந்து, இரண்டு பக்கமும் பல் வைத்த சீப்புபோல இருந்தது. "பக்ரீத் தோலு. அன்னிக்கு மட்டும் எங்க தெருவுல எல்லாரும் கசாப்புக்காரங்கதான். எங்க மச்சான் வருஷா வருஷம் இப்படித்தான் உரிப்பாரு, ஆட்டைப் பழி வாங்கறாப்புல. இத போடட்டா?"

ஒவ்வொரு நாரையும் விரலால் பிரித்து, சீப்பின் பல் பல்லாக நீவி விட்டாள். மெஷின் பாதியில் நின்றது.

யோகலட்சுமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"ரெண்டுன்னு நீயா சொல்லிக்கிட்டே" என்றாள் மஹ்பூபி. "எத்தன பேரு வர்றாங்கன்னு வாசல்ல நின்னு எண்ணிட்டு அப்பறமா எல போட்டா இன்னா? யாரு அடிக்கறாங்க?"

அதுதான் திருத்தம். அதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை. முதலில் தோல் முழுவதையும் ஒரு தடவை பார்த்து எத்தனை துண்டு என்று எண்ணுவது, எண்ணியதற்கு இடம் கேட்பது, பிறகு எழுதுவது. இரண்டோ மூன்றோ என்று ஊகிக்கிற வேலையே கிடையாது. பதினோரு வரி. யோகலட்சுமி பலகையின் மேல் உட்கார்ந்து எழுதினாள். மஹ்பூபி நின்றுகொண்டு அவள் முதுகைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தினாள். மெமரியில் கேட்ட இடத்தைத் தாண்டி ஒரு எழுத்து விழுந்தாலும் கூச்சல் போடும் சோதனைக் கருவி ஒன்று யோகலட்சுமியின் மடிக்கணினியில் எப்போதும் உண்டு. ஒன்பது வருஷமாகக் காலில்லாத ஆடுகளைப் பார்த்து அது வாய் திறக்கவே இல்லை. அன்று பிடித்துவைத்த தோல்களின் பதிவைப் பழைய கோட்டில் ஓட்டினாள்; கூச்சலோ கூச்சல். புதுக் கோட்டில் ஓட்டினாள், அமைதி. நீட்டுக் காலுக்கு அமைதி, பக்ரீத் தோலுக்கு அமைதி.

பிறகு மெஷினில் ஏற்றினார்கள். மஹ்பூபி போட ஆரம்பித்தாள். பத்து. முப்பது. அறுபது. கூடத்தில் வேலை செய்கிறாற்போல பாவனை பண்ணிக்கொண்டு எல்லாரும் எண்ணினார்கள். நூறாவது தோல் அந்தப் பக்கம் விழுந்ததும் யாரோ விசில் அடித்தார்கள். மஹ்பூபியின் மைத்துனர் செய்த அநியாயம் மூன்று தரம் போய் மூன்று தரமும் ஒரே அளவோடு திரும்பி வந்தது. நூற்றைம்பது. யோகலட்சுமி காலை முதல் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். அந்தக் காற்றில் அடுக்கின் மேலிருந்த தோல் ஒன்று பறந்து போய் விழுந்தது என்று சதீஷ்குமார் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

மணி நாலு நாற்பது. ரஃபி அகமது பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"தப்பு சாஃப்ட்வேர்ல சார். நான் எழுதுன வரியில. மஹ்பூபி அக்கா சரியாப் போட்டதாலதான் நின்னுச்சு. தோலை மடிச்சுப் போடறவங்ககிட்ட அது தெரியாமலே ஓடிட்டிருந்துது."

ரஃபி அகமது பேனாவைக் கீழே வைத்தார். "புதன்கெழம ஆளைப் பாருங்கன்னீங்களே?"

"நான் பாக்காம சொன்னேன்."

அவர் மாற்றல் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "எழுதிக் குடுங்க. ஒரு வரி கேட்டேன், இப்ப ரெண்டு வரியா எழுதுங்க." எழுதியதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மடிச்சுப் போடறவங்கன்னா... அப்ப காலையில அளந்ததெல்லாம் நாலு மாசமா கம்மியாவா அளந்துட்டிருக்குது?"

ஜன்னலுக்கு வெளியே சதீஷ்குமார் தன் பைக்கைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது.

"திங்கக்கெழமலேர்ந்து அவன் ஒரு வாரம் மஹ்பூபி பக்கத்துல நின்னு பாக்கட்டும்" என்றார் ரஃபி அகமது.

கூடத்துக்குத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது மஹ்பூபி கையில் இருந்த தோலைப் போட்டு முடித்தாள். அதன் கால்கள் இரண்டையும் நீவி விட்டு, அது அந்தப் பக்கம் விழும்வரை பார்த்தாள். அதன் பிறகுதான் துப்பட்டா நுனியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

யோகலட்சுமி அங்கேயே நின்றபடி இணையத்தில் போட வேண்டிய திருத்தக் குறிப்பை எழுதினாள். வழக்கமாக இப்படிப்பட்ட குறிப்புகள் வறட்டுத்தனமாக இருக்கும். அவள் எழுதியது: 'மெமரியில் கேட்கும் இடத்தின் அளவு தவறாக இருந்தது, சரி செய்யப்பட்டது. தவறு இதை எழுதியவருடையது, மெஷின் ஓட்டுபவருடையது அல்ல. ஆட்டுக்கு நாலு கால், ஒரு வால். உடனே மாற்றிக்கொள்ளவும்.' சோதனைத் தோல்களின் பட்டியலில் அன்றைய தோல்களையும் சேர்த்து, அவற்றுக்கு 'மஹ்பூபி ஒன்று', 'மஹ்பூபி இரண்டு' என்று பெயர் வைத்தாள். சீப்புத் தோலுக்கு 'மச்சான்' என்று வைத்தாள். இனி எந்த ஊரில் யார் அந்தக் கோட்டில் கை வைத்தாலும் முதலில் இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"கெளம்பறேன்கா. அஞ்சே காலுக்கு பஸ்."

"இரு." மஹ்பூபி குனிந்து கம்பூட்ஸ் ஜோடியை எடுத்து அவள் இரண்டு கையிலும் திணித்தாள். "இத ஸ்டோர்ல குடுத்துட்டுப் போ. வாங்கிக் குடுத்தவதானே திருப்பிக் குடுக்கணும்?"

இருபது பேர் பார்க்க, ஊர் ஊராக ஆடு அளக்கும் யோகலட்சுமி, ஒரு தோளில் மடிக்கணினிப் பையும் இரண்டு கையிலும் ரப்பர் பூட்ஸுமாகக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு லேசாக இருந்தது.

ஸ்டோர் ஜன்னலில் வயதான தன்சீல் அகமது உட்கார்ந்திருந்தார். பூட்ஸை வாங்கி, அடியில் அழுக்குப் படவே இல்லை என்று திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, போடவே இல்லயா? சைஸ் சேரலியா?"

"சேரலீங்க பாய். அளவு நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அளந்து பாத்துட்டு சொல்லக்கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பூட்ஸை அலமாரியில் ஏற்றினார். பின்னால் கூடத்திலிருந்து மெஷின் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.